ஊவாத் தோட்டங்களில் நத்தார் வாசகம்

நத்தார் நள்ளிரவுப் பூசையின் லூக்கா வாசகம், அகுஸ்து சீசரின் குடிக்கணக்குக் கட்டளையுடன் தொடங்குகின்றது. பெயர் பதியவே சூசையும் கருவுற்ற மரியாளும் பெத்லகேம் செல்கின்றனர். பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களின் கத்தோலிக்கர்க்கு, சிறுபான்மையினரேயாயினும், இது பழங்கதையாக மட்டும் ஒலித்திருக்க இயலாதெனக் கருதுகின்றோம். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. 1972 டிசம்பரில் பதுளை தனி மறைமாவட்டமானபோதும் அக்கணக்குத் தீர்ந்திருக்கவில்லை.

சமயத்தைத் துயரின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான குரலாகவும் மார்க்ஸ் 1844இல் ஒருங்கே கண்டார். நம்மவர் பலர் பாதியையே நினைவிற் கொள்கின்றனர்.

டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். அன்றைய வாசகம் திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பியோடியதைக் கூறும். அக்குடும்பம் பின்னர் ஊர் திரும்பிற்று. ஒப்பந்தப்படி தலைமன்னாரிற் கப்பலேறியோர்க்கு மீளும் உரிமை இருக்கவில்லை.