கடவுச்சீட்டும் கரும்பலகையும்

ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்கும் தென் கொரியாவுக்கும் செல்லும் இளம் பட்டதாரிகள்

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இலக்கியம், வரலாறு, மானுடவியல் முதலிய பாடங்களில் இளங்கலைப் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்களில் ஒரு பகுதியினர், சொந்த ஊரில் வேலை அமையாததாலோ வேற்று நாட்டில் வாழ்ந்து பார்க்கும் ஆவலாலோ, தங்கள் முதல் சம்பளத்தை ஆசிய நகரம் ஒன்றில் ஆங்கில ஆசிரியராக வாங்கும் வழக்கம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நிலைபெற்றுள்ளது. அவர்களுள் எழுத்தில் நாட்டம் உடையவர்கள், வகுப்பறையை வாழ்வாதாரமாகவும் அதற்கு வெளியே உள்ள ஊரைத் தங்கள் எழுத்துக்கான களமாகவும் கொள்கின்றனர். இவ்வேலைக்கு அவர்களைத் தகுதியாக்குவது பெரும்பாலும் கற்பிக்கும் திறனைவிட அவர்கள் கையில் உள்ள கடவுச்சீட்டே என்பதால், வேலை கிடைத்த பிறகே அவர்கள் ஆசிரியராக வேண்டியிருக்கிறது. இத்தொழிலின் சிறப்பும் சிக்கலும் இந்தத் தலைகீழ் வரிசையிலேயே தொடங்குகின்றன.

மாட்சுயே நகரின் ஆசிரியர்

கற்பித்தலும் எழுத்தும் கைகோத்து நடந்த பழைய எடுத்துக்காட்டு லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவு ஒன்றில் 1850இல் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராகப் பணியாற்றிய அவர், பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரைகள் எழுதுவதற்காக 1890இல் ஜப்பானுக்கு வந்தார். அந்த ஏற்பாடு விரைவிலேயே முறிந்துபோகவே, நாட்டின் மேற்குக் கரையில் உள்ள மாட்சுயே நகரின் நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னர் குமமோட்டோவில் கற்பித்து, கோபே நகரின் ஆங்கில நாளிதழ் ஒன்றில் தலையங்கம் எழுதி, ஜப்பானியக் குடியுரிமையும் கொய்சுமி யாகுமோ என்ற பெயரும் பெற்று, 1896 முதல் 1903 வரை டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயிற்றுவித்தார். அவர் விலகிய இடத்துக்கு வந்தவர், பிற்காலத்தில் ஜப்பானின் தலைசிறந்த நாவலாசிரியராகப் போற்றப்பட்ட நட்சுமே சோசெகி. ஹெர்ன் 1894இல் வெளியிட்ட ஜப்பான் குறித்த முதல் நூலில், ஆங்கில ஆசிரியர் ஒருவரின் நாட்குறிப்பாக அமைந்த ஓர் அத்தியாயம் உண்டு. அதில் அவருடைய மாணவர்கள் எழுதிய பயிற்சிக் கட்டுரைகளும் இடம்பெற்றுள்ளன. மாணவர்களின் ஏடுகளைத் திருத்தும் வேலையே அந்நாட்டை அறியும் வழியாக அமைந்ததை அந்த அத்தியாயம் காட்டுகிறது.

அரசு நடத்தும் வாயில்

தனிமனிதர் ஒருவருக்குத் தற்செயலாக அமைந்ததை ஓர் அமைப்பாக்கியது ஜெட் திட்டம் எனச் சுருக்கமாக வழங்கப்படும் ஜப்பானிய அரசின் பரிமாற்ற, கற்பித்தல் திட்டமாகும். அமெரிக்காவுடனான வணிகப் பூசல் முற்றியிருந்த 1980களில், ஜப்பான் தன் கதவுகளைத் திறக்க மறுக்கிறது என்ற குறை உலக அரங்கில் வலுத்தபோது, பிரதமர் நகசோனேயின் அரசு அதற்கு அளித்த விடைகளுள் ஒன்றாக இத்திட்டம் 1987இல் தொடங்கப்பட்டது. முதல் ஆண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர்; இதுவரை 70,000க்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின் வழியே ஜப்பானியப் பள்ளிகளிலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் பணியாற்றியுள்ளனர். வருவோரில் மிகப் பெரும்பான்மையோர் உதவி மொழி ஆசிரியர், அதாவது ஜப்பானிய ஆசிரியருடன் ஒரே வகுப்பில் நின்று கற்பிக்கும் துணை ஆசிரியர் என்ற நிலையில் அமர்த்தப்படுகின்றனர். ஜப்பானிய மொழியில் தேர்ச்சி உடைய சிலர் மட்டும் உள்ளாட்சி அமைப்புகளின் பன்னாட்டு உறவு ஒருங்கிணைப்பாளர்களாகி, மொழிபெயர்ப்பையும் வெளியீட்டுப் பணிகளையும் கவனிக்கின்றனர். எழுத்தை நாடும் பட்டதாரிக்கு இவ்விரண்டாம் வழியே நெருக்கமானது.

அமெரிக்காவில் இலையுதிர்காலத்தில் விண்ணப்பிப்பவர் குளிர்காலத்தில் நேர்காணலைச் சந்தித்து, அடுத்த கோடையில் விமானம் ஏறுகிறார். பட்டம் எந்தப் பாடத்தில் என்பதோ, ஆசிரியப் பயிற்சி உண்டா என்பதோ கட்டாய நிபந்தனை அல்லாததால், ஏன் ஜப்பான், ஏன் கற்பித்தல் என்று விண்ணப்பதாரர் இரண்டு பக்கங்களுக்குள் எழுதும் நோக்க உரையே மிகுந்த எடை பெறுகிறது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு உரியது. இரு தரப்பும் விரும்பினால் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். எந்த ஊர் என்பதை விண்ணப்பதாரர் விரும்பிக் கேட்கலாமே தவிர, முடிவு அவர் கையில் இல்லை. டோக்கியோவைக் கனவு கண்டவர், பேருந்து அரிதாக வரும் மலைக் கிராமத்தில் மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிச் செல்ல நேர்வது இயல்பான ஒன்று.

அந்தப் பள்ளிகளில் நிகழ்வதை நெருங்கிப் பார்த்தால் இத்தொழிலின் தன்மை விளங்கும். ஜப்பானிய ஆசிரியர் இலக்கணத்தைத் தம் மொழியில் விளக்க, உதவி ஆசிரியர் பாட வரிகளை உரக்க வாசிக்க, மாணவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்கின்றனர். இம்முறை மாறாத பள்ளிகளில் தம்மை ‘மனித ஒலிநாடா’ என்று உதவி ஆசிரியர்களே சொல்லிக்கொள்வது உண்டு. ஜப்பானிய மொழியில் மெய்யெழுத்து பெரும்பாலும் உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டே ஒலிக்கும் என்பதாலும், லகர ரகர வேறுபாடு அங்கு இல்லை என்பதாலும், ‘மில்க்’ என்னும் சொல் மாணவர் வாயில் ‘மிருக்கு’ என்றாகிறது. சொல்லின் இறுதி மெய்யோடு உகரம் சேர்த்து ‘பஸ்ஸு’, ‘பல்பு’ என்று பேசிப் பழகிய தமிழருக்கு இதன் காரணம் எளிதில் புலப்படும். ஆங்கிலம் மட்டுமே அறிந்த இருபத்திரண்டு வயதுப் பட்டதாரிக்கோ அது வெறும் பிழையாகத் தோன்றுகிறது. தாய்மொழியின் ஒலி ஒழுங்கு இன்னொரு மொழியின் மேல் படிவதை அவர் உணர்ந்து, அதற்கேற்ற பயிற்சியை வகுத்துக்கொள்ளும் நாளில்தான் அவருடைய ஆசிரியப் பணி உண்மையில் தொடங்குகிறது.

தனியார் பயிற்சிக்கூடங்கள்

அரசுத் திட்டங்களுக்கு வெளியே உள்ள சந்தை மிகப் பெரியது. ஜப்பானில் எய்காய்வா எனப்படும் ஆங்கில உரையாடல் பள்ளிகளும், தென் கொரியாவில் ஹாக்வோன் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்களும் ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கின்றன. கொரிய அரசும் 1995 முதல் எபிக் என்னும் திட்டத்தின்கீழ்த் தன் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை அமர்த்துகிறது. கொரியாவின் மொழி ஆசிரியர் விசாவான இ-2 பெறுவதற்குப் பட்டச் சான்றிதழும் சொந்த நாட்டின் குற்றப் பதிவுச் சான்றும் அப்போஸ்டில் பெற்றிருக்க வேண்டும். அப்போஸ்டில் என்பது, ஒரு நாட்டின் ஆவணம் மெய்யானது என்று பிற நாடுகள் ஏற்பதற்காக 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைப்படி இடப்படும் சான்றொப்பம் ஆகும். இதைப் பெறுவதற்கே வாரங்களோ மாதங்களோ ஆகக்கூடும் என்பதால், அனுபவம் உள்ளவர்கள் வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே ஆவணங்களைத் திரட்டத் தொடங்குகின்றனர்.

ஒப்பந்தத்தை வரிக்கு வரி வாசிக்க வேண்டிய தேவையும் இங்கேதான் எழுகிறது. கொரியச் சட்டப்படி ஓராண்டு முழுமையாகப் பணியாற்றியவருக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் பணிவிலகல் தொகையாக உரியது. அதைத் தவிர்ப்பதற்காகப் பதினோராம் மாதத்தில் ஆசிரியரை நீக்கும் நிலையங்கள் பற்றிய புகார்கள் பழையவை. அன்று ஜப்பானின் மிகப் பெரிய உரையாடல் பள்ளித் தொடராக இருந்த நோவா 2007இல் வீழ்ந்த வரலாறு இன்னும் கடுமையான பாடம். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி மாணவர்களிடம் தவறான விளக்கம் அளித்ததற்காக அந்நிறுவனத்தின் செயல்பாட்டில் ஒரு பகுதியை அரசு அவ்வாண்டு ஜூனில் நிறுத்தி வைத்தது. புதிய மாணவர் வரவு குறைந்தது, சம்பளம் தாமதமாயிற்று, அக்டோபரில் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஏறத்தாழ 4,000 வெளிநாட்டு ஆசிரியர்கள் வருமானம் இழந்தனர். நிறுவனம் ஏற்பாடு செய்திருந்த வீடுகளில் குடியிருந்த சிலருக்கு, சம்பளத்தில் பிடித்த வாடகை வீட்டு உரிமையாளருக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. ஒரு வேளை உணவுக்கு ஒரு பாடம் என்று பழைய மாணவர்களுக்குக் கற்பித்து நாள் கடத்தியவர்களும் உண்டு. வேலை, வீடு, விசா ஆகிய மூன்றும் ஒரே முதலாளியின் கையில் இருப்பது எத்தகைய இடர் என்பதை இந்நிகழ்வு வெளிச்சமாக்கியது.

யார் ‘தாய்மொழியாளர்’?

கொரியாவின் இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக ஆங்கில ஆசிரியப் பணியை அனுமதிக்கிறது. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையே 2010இல் நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம், ஆசிரியத் தகுதி பெற்ற இந்தியர் துணை ஆங்கில ஆசிரியராகப் பணியாற்ற ஒரு சிறு வழியைத் திறந்தது. பயிற்சியே இல்லாத ஒருவர் கடவுச்சீட்டின் வலிமையால் நுழையும் வகுப்பறைக்குள், கற்பித்தலில் பட்டம் பெற்ற இந்தியர் தனி ஒப்பந்தத்தின் துணையுடன் நுழைய வேண்டியிருப்பது நியாயமான ஏற்பாடு ஆகாது. ஜப்பானின் பள்ளி ஆசிரியருக்கான குடியேற்ற விதி இதைவிட அறிவுக்குப் பொருந்துவது. எந்த மொழியைக் கற்பிக்க விரும்புகிறாரோ அந்த மொழியின் வழியில் 12 ஆண்டுகள் கல்வி பெற்றிருப்பதையே அது வினவுகிறது. ஆனால் வேலை தருவோரின் விளம்பரங்களில் ‘தாய்மொழியாளர் மட்டும்’ என்ற வரி இன்னும் மறையவில்லை.

பிறப்பால் ஆங்கிலம் பெற்றவரே அதைச் சிறப்பாகக் கற்பிப்பார் என்ற நம்பிக்கையை, மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் 1992இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு போலிக் கோட்பாடாகச் சுட்டினார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளிவந்த தம் ஆய்வுநூலில் யாழ்ப்பாண வகுப்பறைகளையே சான்றாகக் கொண்டு, ஆங்கிலத்தை அங்குள்ள மாணவரும் ஆசிரியரும் தமக்கேற்ப வளைத்துக்கொள்வதை விளக்கினார். ஒரு மொழியை முயன்று கற்றவர், எந்த இடத்தில் மாணவர் தடுக்கி விழுவார் என்பதைத் தாமே விழுந்து அறிந்தவர். இந்த எளிய உண்மையை விசா விதிகள் ஏற்கும் நாள் இன்னும் வரவில்லை.

எழுத்தைத் தேடுவோர்

எழுத்துப் பணிக்கான இடங்கள் ஆசிரியப் பணியைவிட மிகக் குறைவு. 1897இல் தொடங்கிய ஜப்பான் டைம்ஸ், 1946இல் தொடங்கிய பாங்காக் போஸ்ட், 1950இல் தொடங்கிய கொரியா டைம்ஸ் போன்ற ஆங்கில நாளிதழ்கள், உள்ளூர்ச் செய்தியாளர் எழுதியதைச் செப்பனிடும் துணையாசிரியர்களை வெளிநாட்டிலிருந்தும் அமர்த்துவது உண்டு. 1993 முதல் 2017 வரை நடந்த கம்போடியா டெய்லி, கம்போடிய இளைஞர்களையும் அமெரிக்கப் பட்டதாரிகளையும் அருகருகே அமர்த்திச் செய்தித் தொழிலைப் பழக்கியது. பெருந்தொகை வரி பாக்கி என்று அரசு கோரியதை அடுத்து அது மூடப்பட்டதுடன், அத்தகைய பயிற்சிக்கூடம் ஒன்றும் மறைந்தது. ஆசிரியராக இருந்துகொண்டே எழுத விரும்புவோர் விசாவின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். கற்பிக்க அனுமதி பெற்றவர் ஜப்பானில் இதழ்களுக்குத் தொடர்ந்து எழுதிச் சன்மானம் பெறுவதற்குக் குடியேற்றத் துறையின் தனி அனுமதி தேவைப்படலாம்.

இந்த இரு வழிகளும் ஒன்றாகக் கூடியதற்கு அண்மைக்காலச் சான்று பீட்டர் ஹெஸ்லர். அமெரிக்க அமைதிப் படையின் தொண்டராக 1996இல் யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஃபூலிங் நகரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்ற அவர், இரண்டு ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தவாறே சீன மொழியைக் கற்றார். ரிவர் டவுன் என்ற அவருடைய முதல் நூல் 2001இல் வெளிவந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, சிச்சுவான் பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை கற்பிக்க அவர் மீண்டும் சீனா சென்றார். பயணி ஒருவர் ஒரு வாரத்தில் எழுதிவிடக்கூடிய நூலிலிருந்து அந்த நூலை வேறுபடுத்துவது, மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தியும் தெருக்கடைகளில் அமர்ந்து பேசியும் அவர் கழித்த இரண்டு ஆண்டுகளே.

எஞ்சி நிற்பது

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் உள்ள இஷினோமாகி நகரில், விர்ஜீனியாவிலிருந்து ஜெட் திட்டத்தின்கீழ் வந்த டெய்லர் ஆண்டர்சன் என்ற 24 வயது ஆசிரியை தொடக்கப் பள்ளிகளிலும் நடுநிலைப் பள்ளியிலும் கற்பித்துவந்தார். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மாணவர்களைப் பெற்றோர் அழைத்துச் செல்வதற்குத் துணையாக இருந்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்குப் புறப்பட்ட அவர் ஆழிப்பேரலையில் உயிரிழந்தார். அவருடைய பெற்றோர் அப்பகுதிப் பள்ளிகளுக்கு ஆங்கில நூல்களை வழங்கத் தொடங்கினர். ‘டெய்லர் புன்கோ’, அதாவது டெய்லர் நூலகம், என்ற பெயரில் அமைந்த அந்த வாசிப்பு மூலைகளுக்கான அலமாரிகளைச் செய்து கொடுத்தவர், தம் மூன்று பிள்ளைகளையும் அதே பேரலையில் இழந்த உள்ளூர்த் தச்சர்.

இந்த வேலையைத் தேடும் பட்டதாரி, சம்பளத்தையும் விசாவையும் ஒப்பந்தத்தின் பதினோராம் மாதத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பது அவருக்கு முற்றிலும் தேவையானதே. அந்தக் கணக்கை முடித்த பிறகு, தாம் புறப்பட்டுப் போன பின்னும் அந்த ஊர்ப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் எதை வைத்துவிட்டுப் போகப் போகிறோம் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தாக வேண்டும். இஷினோமாகியின் அலமாரிகள் அந்த உயரத்திலேயே நிற்கின்றன.