காப்பிக்காட்டு முதுகுவலி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காடு வருகிறவருக்குக் கழுத்து கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதற்கு ரிசார்ட்டுகளில் ஸ்பா இருக்கிறது. ஆனால் இந்த மலையில் மசாஜ் நிஜமாகவே யாருக்குத் தேவை என்று கேட்டால், சேர்வராயன் மலைச் சரிவில் நாள் முழுக்க நின்று காப்பிப் பழம் பறிப்பவர்களைத்தான் காட்டுவேன்.

தாய்லாந்து மசாஜின் வேரும் அப்படிப்பட்ட உழைப்பாளிகளிடம்தான் இருக்கிறது. பெரிய ஓட்டல் சமாச்சாரம் என்று நாம் நினைக்கும் ‘நுவாட் தாய்’, வயல்வேலையில் உடம்பு நொந்தவர்களுக்கு அந்தந்த ஊர்க் கைராசிக்காரர்கள் பார்த்த வைத்தியம். 2019-ல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் கிடையாது, உடையும் களைய வேண்டாம். தரையில் விரித்த மெத்தையில் தொளதொள உடுப்போடு படுத்தால், பாதத்தில் கட்டைவிரலை ஊன்றித் தொடங்கிக் கால்வழியே மேலேறுவார்கள். பிறகு உள்ளங்கை, முழங்கை, முழங்கால் என்று முழு உடல் எடையையும் இறக்குவார்கள். அதன்பின் கைகாலை மடக்கி, இழுத்து, இடுப்பைத் திருப்புவார்கள். உடம்பில் பத்து ‘சென்’ பாதைகள் ஓடுவதாகவும், அவை அடைபட்டால் நோய் வருவதாகவும் அவர்கள் கணக்கு. அவற்றில் இத்தா, பிங்கலா, சுமனா என்ற மூன்றும் நம் யோகிகளுக்குப் பழகிய நாடிகளேதான். ஆதிகுருவாக அவர்கள் கும்பிடுவதும் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரை.

நம்மிடம் இது இல்லையா? சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை. மூலிகைக் கிழியும் ஏறக்குறைய அதேதான்: அவர்கள் எலுமிச்சைப்புல்லையும் மஞ்சளையும் புளிய இலையையும் மூட்டை கட்டி ஆவியில் வைக்கிறார்கள், நாம் நொச்சியையும் புளிய இலையையும் வதக்கி ஒற்றடம் கொடுக்கிறோம்.

அவர்கள் முந்திக்கொண்டது வேறு இடத்தில். பாங்காக் வாட் போ கோயிலில் மூன்றாம் ராமா மன்னர் காலத்திலேயே அந்தச் ‘சென்’ பாதைகளைக் கல்லில் பொறித்துவைத்தார்கள். 1955-ல் அங்கேயே பள்ளி தொடங்கினார்கள். இன்று அரசு மருத்துவக் காப்பீட்டிலும் மசாஜுக்கு இடமுண்டு. இங்கே அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவு என்றாலே கஷாயமும் சூரணமும்தான் நினைவுக்கு வருகின்றன. தொக்கணம் அங்கே கேட்டுப் பெறக்கூடிய சிகிச்சை என்பதே பலருக்குத் தெரியாது.

பழம் பறிக்கும் மாதங்களிலாவது வாரம் ஒருமுறை தொக்கணம் தெரிந்த சித்த மருத்துவர் ஒருவரை எஸ்டேட்டுகளுக்கு அனுப்பலாம். பெரிய செலவில்லை, ஒரு பாயும் கொஞ்சம் தைலமும் போதும். எலும்பு முறிவு, காய்ச்சல், காலில் ரத்தக்கட்டு உள்ளவர்களை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். பறிப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள் என்பதால் பெண் சிகிச்சையாளரும் கூட வர வேண்டும்.