எண்ணிலிருந்து மின்னலை: கணநேரப் பிழைகளைக் களையும் வழிகள்

கணிப்பொறி எண்களை மட்டுமே கையாளும். ஒலிபெருக்கிக்கும் மோட்டாருக்கும் எண் விளங்காது; ஏறி இறங்கும் மின்னழுத்தமே அவற்றை இயக்கும். இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக அமைவது டிஜிட்டல்-அனலாக் மாற்றி என்னும் மின்சுற்று. இதன் தரத்தை, அது எத்தனை இரும இலக்கங்களைக் கொண்டது என்பதை வைத்தே பலரும் மதிப்பிடுகின்றனர். ஆனால் சரியான அளவைத் தருவது மட்டும் போதாது. அதைச் சரியான நேரத்தில் தருவதும் இன்றியமையாதது.

துள்ளல் எவ்வாறு தோன்றுகிறது?

எட்டு இரும இலக்கங்கள் கொண்ட மாற்றி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் எட்டு மின் சாவிகள் உள்ளன. அவை 1, 2, 4 என இரட்டித்து 128 வரை செல்லும் அளவுகளில் மின்னோட்டத்தைச் சேர்க்கின்றன. முழு வீச்சு 10 வோல்ட் என்றால், ஓர் அலகு ஏறத்தாழ 39 மில்லிவோல்ட் ஆகும்.

எண் 127-லிருந்து 128-க்கு மாறும்போது வெளியீடு ஒரே ஓர் அலகுதான் உயர வேண்டும். ஆயினும் இரும முறையில் 01111111 என்பது 10000000 ஆகிறது. ஏழு சாவிகள் மூட, ஒன்று திறக்க, எட்டும் ஒரே கணத்தில் மாற வேண்டும். எந்த இரு டிரான்சிஸ்டர்களும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. பெரிய சாவி முந்திக்கொண்டால் சில நானோ வினாடிகளுக்கு எண் 255 ஆகிவிடும். அது பிந்தினால் சுழியாகிவிடும். 39 மில்லிவோல்ட் உயர வேண்டிய இடத்தில் பல வோல்ட் அளவுள்ள கூர்முனை எழுகிறது. இதுவே கிளிட்ச் எனப்படும் கணநேரத் துள்ளல். உயரத்தையும் கால அளவையும் சேர்த்து, அதன் பரப்பை வோல்ட்-வினாடி அலகின் நுண்கூறுகளில் அளப்பது வழக்கம்.

வடிகட்டி மட்டும் போதுமா?

வெளியீட்டில் ஒரு வடிகட்டியைச் சேர்த்தால் போதாதா என மாணவர்கள் வினவலாம். வடிகட்டி கூர்முனையைத் தட்டையாக்கும். அதன் பரப்பை நீக்காது. மேலும், துள்ளலின் அளவு எண்ணுக்கு எண் வேறுபடுகிறது. ஆகவே அது சமிக்ஞையுடன் பிணைந்த திரிபாக மாறி, பயனுள்ள அலைவரிசைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நோயை அதன் பிறப்பிடத்திலேயே தடுப்பதுதான் முறை.

மூன்று தீர்வுகள்

முதலாவது, சாவிகளுக்கு மிக அருகில் ஒரு பதிவகத்தை அமைத்தல். மின்சுற்றுப் பலகையில் சமிக்ஞை ஒரு நானோ வினாடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தொலைவே செல்கிறது. கம்பிகளின் நீளம் வேறுபட்டால் இலக்கங்கள் வந்து சேரும் நேரமும் வேறுபடும். பதிவகம் அனைத்தையும் காத்திருக்கச் செய்து, ஒரே கடிகாரத் துடிப்பில் ஒன்றாக விடுவிக்கிறது.

இரண்டாவது, மேல் இலக்கங்களைச் சம அளவுள்ள மூலங்களாகப் பிரித்தல். எட்டு இலக்கங்களில் மேல் மூன்றுக்குப் பதிலாக, 32 அலகு கொண்ட ஏழு மூலங்களை அமைக்கலாம். வெப்பமானியில் பாதரசம் ஏறுவதுபோல அவை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும். 127-லிருந்து 128-க்குச் செல்லும்போது 31 அலகுகள் விலகி, 32 அலகு கொண்ட ஒரு மூலம் சேரும். துள்ளலின் உச்சம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 255 சாவிகளை வைத்து முழுவதையும் இவ்வாறே அமைக்கலாம். ஆனால் செலவும் இடமும் பெருகும். எனவே இரு முறைகளையும் இணைப்பதே நடைமுறை.

மூன்றாவது, மாற்றிக்குப் பின் ஒரு நிறுத்திவைப்புச் சுற்றை இணைத்தல். எண் மாறும் வேளையில் அது பழைய மின்னழுத்தத்தையே காத்து நின்று, துள்ளல் அடங்கிய பின்னரே புதிய அளவை ஏற்கிறது. இச்சுற்றும் ஒரு சிறு அதிர்வை உண்டாக்கும். ஆயின் அது எல்லா எண்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், கடிகார அதிர்வெண்ணில் ஒதுங்கிவிடும். அதனை எளிதில் வடிகட்டலாம்.

கடிகாரத்தின் நடுக்கம்

சாவிகள் ஒன்றுபட்டு இயங்கினும், கடிகாரத் துடிப்பே முன்பின்னாக வந்தால் சரியான அளவு தவறான நேரத்தில் வெளிப்படும். 1982-இல் சந்தைக்கு வந்த ஒலித்தகடு 16 இரும இலக்கங்களைக் கொண்டது. அதில் முழு வீச்சுள்ள 20 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அரை அலகுப் பிழைக்குள் தர வேண்டுமானால், துடிப்பின் நடுக்கம் ஏறத்தாழ 120 பிகோ வினாடிக்குள் அடங்க வேண்டும். அதிர்வெண் பத்து மடங்கு உயர்ந்தால், பொறுக்கத்தக்க நடுக்கம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆதலால் குவார்ட்ஸ் படிக அலையியற்றியிலிருந்து வரும் துடிப்பைப் பிற தருக்கச் சுற்றுகளின் வழியே சுற்றிவிடாமல், மாற்றியின் பதிவகத்துக்கு நேராகக் கொண்டுசெல்ல வேண்டும்.

கொள்முதலில் கருத வேண்டியவை

ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் கருவி வாங்கும் அலுவலர்கள் இதனைக் கருத்திற்கொள்வது நலம். ஒப்பந்தப்புள்ளி விவரக்குறிப்பில் இலக்க எண்ணிக்கையை மட்டும் குறித்தால், 16 இலக்கங்களுக்கு விலை கொடுத்து, 12 இலக்கங்களின் பயனையே பெற நேரிடலாம். துள்ளலின் பரப்பு, வெளியீடு நிலைபெறும் காலம், கடிகார நடுக்கம் ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் குறைகடத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இத்துறையில் கால்பதிக்கும் மாணவர்கள், எண்ணின் துல்லியமும் காலத்தின் துல்லியமும் சேர்ந்ததே உண்மையான துல்லியம் என்பதைத் தொடக்கத்திலேயே உணர்தல் வேண்டும்.