இருவாய்ச்சியின் சுற்றம்

பொத்துவிலிலிருந்து மொனராகலைக்குச் செல்லும் வீதியில் லகுகல வனத்தைக் கடப்போரும், இங்கினியாகலைக்கு அப்பால் சேனாநாயக்க சமுத்திரத்தைச் சூழ்ந்த கல்லோயாக் காட்டினுள் செல்வோரும், ஆலும் அத்தியும் பழுக்கும் காலத்தில், அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற தோற்றமுடைய கருவெள்ளைப் பட்சியொன்றைக் காணக்கூடும். அதுவே இருவாய்ச்சி. ஏறத்தாழ 60 இனங்களைக் கொண்ட இவ்வர்க்கம் ஆபிரிக்காவிலும் ஆசியாவின் வெப்ப வனங்களிலும் பரவியிருக்க, இலங்கைக்கு வாய்த்தவை இரண்டே: ஒன்று, இந்தியாவிலும் வாழும் இக்கருவெள்ளை இருவாய்ச்சி; மற்றது, அலகின்மேல் அம்மேற்புடைப்பு இல்லாததும், உலகில் வேறெங்கும் காணப்படாததுமான சாம்பல் இருவாய்ச்சி.

அலகொன்றையே அடையாளமாகக் கொண்டு இதன் உறவினரைத் தேடுவோர் தென்னமெரிக்காவின் டூக்கான் பறவையிடம் சென்று நிற்பர். அதுவோ மரங்கொத்தியின் சுற்றம். முன்விரல்கள் அடியில் ஒட்டியிருத்தலைக் கண்ட பழைய ஆராய்ச்சியாளர் இதனை மீன்கொத்தியோடு ஒரே வரிசையில் வைத்தனர். பின்வந்த மரபணு ஆராய்ச்சியோ இவ்விரண்டையும் விடுத்து, சுலைமான் நபி அவர்களிடம் ஸபஉ நாட்டுச் செய்தியைக் கொணர்ந்ததாகத் திருக்குர்ஆன் கூறும் ஹுத்ஹுத் பறவையை, அதாவது நம் வெளிகளில் நிலத்தைக் கிளறிப் பூச்சி தேடும் கொண்டலாத்தியை, இருவாய்ச்சியின் நெருங்கிய உறவாகக் காட்டிற்று. பருமனிலும் நிறத்திலும் உணவிலும் வேறுபட்ட இவ்விரண்டும் இல்லறத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டிலும் பெட்டை பொந்தினுள் அமர்ந்து அடைகாக்க, ஆண் வெளியிலிருந்து இரை ஊட்டும்.

இருவாய்ச்சியோ இதில் ஒருபடி மேற்செல்கிறது. மரப்பொந்தினுட் புகுந்த பெட்டை, தன் எச்சத்தையும் பழச்சதையையும் குழைத்து வாயிலை அடைத்து, அலகு நுழையுமளவு இடுக்கு மட்டும் விட்டு, பறத்தற்குரிய இறகுகளையும் அங்கேயே உதிர்த்து, பல வாரங்கள் ஆணின் உழைப்பையே நம்பி வாழ்கிறது. ஆபிரிக்காவின் தரைவாழ் இருவாய்ச்சிகள் இரண்டே இவ்வழக்கத்துக்கு விலக்கு. பேரலகைத் தாங்குதற்குப் போலும், கழுத்தின் முதலிரண்டு என்புகள் ஒன்றாய் இணைந்துள்ளன. வேறெப்பட்சி வர்க்கத்துக்கும் இல்லாத விசேடம் இது. அலகின் மேற்புடைப்பும் பெரும்பாலான இனங்களில் உள்ளே வெறுமையாகி, பாரம் குறைந்ததாகவே அமைந்துள்ளது.

இத்தனை வல்லமை வாய்ந்த அலகாயினும் உயிர்மரத்தைக் குடைந்து பொந்தாக்கும் ஆற்றல் அதற்கில்லை. மூப்பினால் உட்குழிந்த பெருமரமே அதற்கு வீடு. உண்ட பழத்தின் விதைகளைத் தூரதூரங்களில் உதிர்த்து இப்பட்சி காட்டை வளர்க்கிறது என்பது உண்மையே. எனினும், இன்று வெட்டப்படும் முதுமரத்துக்கு ஈடாக அவ்விதைகளிலொன்று பொந்துடைய மரமாவதற்கு மனிதரின் ஓர் ஆயுட்காலம் போதாது.