வாத்தியாரின் வாத்தியக் குழு

1918 செப்டம்பர் 29. முதல் உலகப் போர் முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது. லண்டன் குயின்ஸ் ஹாலில், அழைப்பின்பேரில் வந்தவர்கள் முன்னால் 'தி பிளானட்ஸ்' முதன்முதலாக ஒலித்தது. ஏழு கோள்களுக்கு ஏழு பகுதிகள். கடைசியான நெப்டியூனில் சொற்களே இல்லை. பெண் குரல்கள் மட்டும் மறைவிலிருந்து மிதந்து வரும். அதைப் பாடியவர்கள் மாணவிகள். இசையமைத்தவர் அவர்களுடைய பாட்டு வாத்தியார், குஸ்டாவ் ஹோல்ஸ்ட்.

1874இல் பிறந்த ஹோல்ஸ்ட், பியானோ கலைஞராகவே வர விரும்பினார். வலக்கையின் நரம்பு வலி அதைக் கெடுத்தது. டிராம்போன் பழகி, இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்தார். பிறகு 1905இல் லண்டன் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் ஆசிரியரானார். 1934இல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை.

பகலில் பள்ளி; மாலையில் மோர்லி கல்லூரி. பகலெல்லாம் உழைத்துவிட்டுப் படிக்க வருகிறவர்களுக்கான இடம் அது. 1907 முதல் 1924 வரை அங்கே இசைப் பொறுப்பு அவருடையது. ஹென்றி பர்செலின் 'தி ஃபேரி குயின்' என்ற இசை நாடகம், 1695இல் அவர் இறந்த பிறகு ஏடு தொலைந்து மறக்கப்பட்டிருந்தது. ஏடு கிடைத்ததும், ஒவ்வொரு கருவிக்கும் குரலுக்கும் உரிய பகுதியை மோர்லி மாணவர்களே கைப்படப் படியெடுத்தார்கள். 1911இல் அவர்களே அதைக் கச்சேரி வடிவில் அரங்கேற்றினார்கள். பெரிய தொழில்முறைக் குழுக்கள் செய்யாததை, வேலைக்குப் போய்வந்தவர்கள் செய்தார்கள்.

தம் பள்ளி இசைக்குழுவுக்காக அவர் எழுதியது 'செயின்ட் பால்ஸ் சூட்'. தந்திக் கருவிகளுக்கான படைப்புதான். ஆனாலும் குழல் வாசிக்கும் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதென்று, அவர்களுக்கும் பகுதிகள் எழுதிச் சேர்த்தார்.

வாரநாட்களைப் பாடம் விழுங்கிவிடும். 'பிளானட்ஸ்' பிறந்தது ஞாயிறுகளிலும் விடுமுறைகளிலும். கைவலி அதிகமானபோது உடன் பணியாற்றிய ஆசிரியைகள் இசைக்குறிப்பு எழுத உதவினார்கள். இத்தனைக்கும் நடுவே சமஸ்கிருதம் கற்று, ரிக் வேதப் பாடல்களைத் தாமே மொழிபெயர்த்து இசையமைத்தார். 'சாவித்திரி' என்ற இசை நாடகமும் எழுதினார்.

தமிழிலும் இப்படிச் சேர்ந்து இசைக்கும் வழி உண்டு. திரை இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கட்டி, பாரதி பாடல்களைப் பல குரல்கள் இணைந்து பாடும்படி அமைத்தார். அந்தப் பாரதி 1908 முதல் பத்தாண்டு வாழ்ந்தது நம் புதுச்சேரியில்.

இசை பயில அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. ஆனால் புதுச்சேரியின் திருக்கனூரில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் அவ்வளவு தூரம் போக முடியாது. ஹோல்ஸ்ட் செய்ததுபோல, உள்ளூர்ப் பள்ளியில் இசைக்கு வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்கலாம். நாகசுரம், தவில் தெரிந்த பெரியவர்களையும் பாட ஆசைப்படும் மாணவர்களையும் ஒன்றாக உட்கார வைக்கலாம். தலைமையாசிரியர்களும் பெற்றோர்களும் இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.