பழுதின் பின்னே – 9: பழி மட்டும் ரேமுக்கு

டெல்லி நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன்களின் மேஜையில் ஸ்க்ரூ டிரைவருக்குப் பக்கத்தில் கட்டாயம் ஒரு பள்ளிக்கூட ரப்பர் கிடக்கும். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, ‘பீப் பீப்’ என்று ஒரே கூப்பாடு. நாம் சொல்லி முடிப்பதற்குள் பெட்டி திறந்திருக்கும். ஸ்லாட்டின் காதுகளைத் தள்ளி ரேமை உருவி, அதன் விளிம்பிலுள்ள தங்கநிறப் பட்டைகளை ரப்பரால் நாலு தேய் தேய்ப்பார். ஊதுவார். ‘டக்’கென்று அமுக்குவார். திரை வந்துவிடும். “ரேம் சாஃப் கர் தியா, சார்.” ரேமைச் சுத்தம் செய்தாயிற்றாம்.

இதில் பாதிப் பெருமை ரப்பருக்குச் சேராது. கழற்றி மாட்டியதிலேயே முனைகள் உரசிக்கொண்டு, படிந்திருந்த படலம் விலகிவிடுகிறது. ரப்பர் மிச்ச அழுக்கை எடுக்கிறது, கூடவே தங்கத்தையும். அந்த முலாமின் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. தேய்க்கத் தேய்க்க, செம்பில் காற்றுபடத் தொடங்கும். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி அதே ‘பீப்’.

அதுவும் டெல்லிக் காற்று. யமுனைக் கரையிலும் பெரிய நாலாக்கள் பக்கத்திலும் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், ஏசி காயில் ஓட்டையாகிக் கேஸ் போன கதையைச் சொல்வார்கள். பிராணவாயு வற்றிய சாக்கடையிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரிக்கிறது. பூஜையறை வெள்ளி விளக்கு கறுக்கிறதே, அதே ரசாயனம்தான். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வழக்கத்துக்கு மீறித் திரும்பி வந்த மதர்போர்டுகளை இன்டெல் ஆராய்ந்தபோது, செம்புத் தடங்களைக் கந்தகம் அரித்திருந்தது தெரிந்தது. 2013-இல் இது செய்தியாகவும் வந்தது.

மயூர் விஹாரில் இருக்கும் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுப்பவர். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளாகப் பார்த்து நீலத்திரை வரும். கடைக்காரர் ரேமை மாற்றினார்; சில வாரம் ஓடியது; மறுபடி நீலத்திரை; மறுபடி புது ரேம். பில் ஏறியதே தவிர, கோளாறு எங்கே என்று யாரும் தேடவில்லை.

தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேக அமைப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ரேமை ஒரே ஒரு ஸ்லாட்டில் வைத்து, பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓட்ட வேண்டும். 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதிய நிரல் அது. நினைவகம் முழுக்க ஒரு கோலத்தை எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஒரு பிழை வந்தாலும் அது தேர்வில் தோல்விதான், ‘ஒண்ணுதானே’ என்று விடக் கூடாது. கூகுள் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து, டொரோண்டோ பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை தென்பட்டது. ஒருமுறை பிழை காட்டியது திரும்பக் காட்டும் வாய்ப்பும் மிக அதிகம்.

எல்லோரும் இரவு முழுக்க ஓட்டச் சொல்வார்கள். டெல்லிக்கு இந்த யோசனை பாதிதான் பொருந்தும். ரேமில் ஒவ்வொரு பிட்டும் கசிந்துகொண்டே இருக்கும் மின்னூட்டம். 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். சில்லு 85 டிகிரியைத் தாண்டினால் 32-க்கு ஒருமுறை. சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். மே மாத மதியம் வரும் கோளாறை ஏசி போட்ட இரவில் தேடினால் அகப்படுமா?

நண்பர் வீட்டில் மதியமே ஓட்டினோம். முதல் ஸ்லாட்டில் எந்த ரேமை வைத்தாலும் சுத்தம். இரண்டாவதில் எதை வைத்தாலும் சிவப்பு வரிகள். கடைக்காரர் ‘போச்சு’ என்று சொல்லி, நண்பர் டிராயரில் போட்டு வைத்திருந்த பழைய ரேமும் முதல் ஸ்லாட்டில் ஒழுங்காகவே ஓடியது. இனி சந்தேகம் ஸ்லாட்டின் மேல், இல்லையென்றால் பிராசஸரின் மேல். நினைவகத்தை ஆளும் பகுதி இப்போது பிராசஸருக்குள்தானே இருக்கிறது. சாக்கெட் பின் ஒன்று வளைந்தாலும் பழி ரேமுக்கே வரும். சாக்கெட்டைப் பார்த்தோம், பழுதில்லை. ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தால் முட்கள் சில கறுத்திருந்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பிரஷ்ஷும் பயன்படவில்லை.

போர்டு மாற்றுவது அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. முதல் ஸ்லாட்டில் ஒற்றை 16 ஜிபி ரேமைப் போட்டாயிற்று. இரட்டைச் சேனல் போனதில் வேகம் கொஞ்சம் குறையும். அவர் கணக்கு எழுதும் டேலி மென்பொருளுக்கு அது உறைக்காது. இரண்டாவது ஸ்லாட்டை செல்லோடேப்பால் மூடி, மேலே ‘மத் சூனா’ (தொடாதே) என்று இந்தியில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

(தொடரும்)