முக்கால் மணி நேரத் தூக்கம்: சராசரியை நம்பலாமா?

பத்து நோயாளிகளுக்கு ஒரு தூக்க மருந்து கொடுத்தார்கள். மருந்து இல்லாத இரவுகளைவிடச் சராசரியாக 45 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். அப்படியானால் மருந்து பலித்ததா?

அமெரிக்காவின் கலமசூ மனநலக் காப்பகத்தில் எடுத்த இந்த அளவீடுகளைக் குஷ்னி, பீபிள்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1905-இல் வெளியிட்டார்கள். கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரையில் எடுத்தாண்டதால் இவை புகழ்பெற்றன.

பத்துப் பேரின் மாற்றம், மணிக்கணக்கில்: 0.7, −1.6, −0.2, −1.2, −0.1, 3.4, 3.7, 0.8, 0, 2.0.

கூடுதலாகத் தூங்கியவர்கள் ஐந்து பேர். நான்கு பேருக்குத் தூக்கம் குறைந்தது. ஒருவருக்கு மாற்றமே இல்லை. 3.4, 3.7 என்ற இரண்டையும் எடுத்துவிட்டால், மற்ற எட்டுப் பேரின் சராசரி வெறும் 3 நிமிடம்!

இப்படி ஓரிருவர் சராசரியை இழுத்துக்கொண்டு போகும்போது கைகொடுப்பவைதான் பண்பளவை சாராச் சோதனைகள். அவற்றில் ஒன்றை 1945-இல் தந்தவர் பிராங்க் வில்காக்சன். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் வேதியியலாளர்.

அவர் வழி எளிது. பூஜ்யத்தை விட்டுவிடுங்கள். கூடியதா குறைந்ததா என்று பாராமல், மாற்றத்தின் அளவை மட்டும் வைத்துச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். 0.1-க்கு முதல் இடம், 3.7-க்கு ஒன்பதாம் இடம். பிறகு குறியைத் திரும்பச் சேருங்கள். தூக்கம் குறைந்தவர்களின் இடங்கள் 1, 2, 5, 6, கூட்டினால் 14. கூடியவர்களுக்கு 31.

மருந்தால் பலனே இல்லையென்றால், மொத்தமான 45 இரு பக்கமும் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிய வேண்டும். ஒன்பது பேர் கணக்கில் சிறிய பக்கம் 5 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான், வழக்கமான 5 சதவீத வரம்பில் ‘இது தற்செயல் அல்ல’ என்பார்கள். இங்கே 14. ஆக, மருந்து பலித்தது என்று சொல்ல இந்தச் சான்று போதாது.

அதே நோயாளிகளுக்குக் கொடுத்த இன்னொரு மருந்தின் கதை வேறு. ஒருவருக்கு மட்டும் 0.1 மணி நேரம் குறைந்தது. மற்ற ஒன்பது பேருக்கும் கூடியது. அவர்களில் ஒருவருக்குக் கூடியதும் அதே 0.1 என்பதால், முதல் இரண்டு இடங்களை இருவரும் சமமாகப் பகிர்கிறார்கள். ஆகவே சிறிய பக்கம் 1.5, பத்துப் பேருக்கான வரம்பு 8. இது தேறிவிட்டது.

தட்டச்சுப் பிழையால் 3.7 என்பது 37 ஆனால் முதல் மருந்தின் சராசரி 4 மணி நேரத்தைத் தாண்டும். தரவரிசையிலோ அதே ஒன்பதாம் இடம்தான். அந்த உறுதிக்கு ஒரு விலையும் உண்டு: எவ்வளவு கூடியது என்பதை இடங்களின் கூட்டுத்தொகை நேராகச் சொல்லாது. மாற்றத்துக்குக் காரணம் மருந்தா, வேறொன்றா என்பதும் சோதனையை வடிவமைத்த விதத்தைப் பொறுத்தது. எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது.

ஆனாலும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இழந்த இரண்டாம் நோயாளி சராசரிக்குள் காணாமல் போயிருந்தார். வில்காக்சனின் வரிசையில் அவர் ஆறாம் இடத்தில், கழித்தல் குறியோடு நிற்கிறார்.